மூடுபனிக்குள் சுற்றிய வண்டி

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் எண்ணெய்ப் புகை வாசனை. கடைசியாகத்தான் வண்டி வந்தது.

மே மாதத்துக் காலை நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில், பார்னகாட் விரிகுடாவின் மேல் மூடுபனி இறங்கி உட்கார்ந்திருந்தது. நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தோம். நீட்டிய கை தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு ஜெட் ஸ்கீ, ஆள் நடக்கிற வேகத்தில், மெதுவாக வெளியே வந்தது. அதன் கைப்பிடிக் கம்பு மடங்கிப் படுத்திருந்தது. மேலே யாரும் இல்லை.

எங்களுக்கு நாலு முழம் முன்னால் ஒரு அரைவட்டம் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் பனிக்குள் போய்விட்டது. அதன் முகப்பில் மல்லிகா அன்று காலை வைத்த குங்குமம் நனைந்து வழிந்திருந்தது.

"யாருமே இல்லாம அது எப்படிங்கண்ணா வருது?" என்று என்னிடம் கேட்டாள் மல்லிகா.

எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயந்தேன். வண்டி அப்படி வந்தால், ஓட்டியவன் எங்கேயோ தண்ணீரில் கிடக்கிறான் என்று அர்த்தம். ஓட்டிக்கொண்டு போனவன் மல்லிகாவின் புருஷன், என் நண்பன் குமரேசன்.

சோபாவும் பலகையும்

இந்தத் தொடரில் விசா, பனிப்புயல், வாடகை வீட்டுக் கரப்பான்பூச்சி என்று நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் போனில் கேட்டார். "ஏன் சார், அமெரிக்காவுல ஆபீஸ் போய்ட்டு வந்தத தவிர நீங்க வேற ஒண்ணுமே பண்ணலியா?"

பண்ணினோம் ஐயா. சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்றுதான் இத்தனை வாரம் சொல்லாமல் இருந்தேன். நானும் குமரேசனும் ஜெட் ஸ்கீ பந்தயத்தில் ஓடினோம்.

நீங்கள் கோவாவில் பார்த்த ஜெட் ஸ்கீயை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஸீட் உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் அதை 'சோபா' என்போம். எங்களுடையது நின்று ஓட்டுவது. குறுகலாக ஒரு பலகை, முன்னால் கீல் வைத்த ஒரு கம்பு, அதன் நுனியில் கைப்பிடி. அவ்வளவுதான் வண்டி. ஓடாமல் நிற்கும்போது அது உங்களைத் தாங்காது. வயிற்றில் படுத்துக்கொண்டு கிளப்ப வேண்டும், பிறகு முட்டி போட வேண்டும், வேகம் பிடித்ததும் எழுந்து நிற்க வேண்டும். வேகம் குறைந்தால் தண்ணீருக்குள்.

எழுந்து நிற்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுசாகப் பிடித்தது. குமரேசன் முதல் நாள் மத்தியானமே நின்றுவிட்டான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவன் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரன். நான் மெட்ராஸ். பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே அபார்ட்மென்ட் வளாகம். அவன் மாடி, நான் கீழே. வேலையும் ஒரே மருந்துக் கம்பெனியில். மாத்திரை வயிற்றுக்குள் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று பார்ப்பது அவன் வேலை. நாள் முழுக்க மாத்திரை கரைவதைப் பார்க்கிறவனுக்கு வேகத்தின் மேல் ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசையைக் கிளப்பியவர் பல் டாக்டர் ராய். குமரேசனின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய அவர், தண்ணீர்மேல் தான் நின்று பறக்கிற போட்டோக்களை கிளினிக் சுவர் முழுக்க மாட்டி வைத்திருந்தார். வாய் நிறையப் பஞ்சோடு குமரேசன் அதைக் கை காட்டிக் கேட்டிருக்கிறான். அடுத்த மாதமே ராயின் பழைய வண்டி இவனுடையதாகிவிட்டது.

வண்டி வந்த அன்றைக்கு மல்லிகா அதற்குக் குங்குமம் வைத்தாள். டிரெய்லர் சக்கரத்துக்கடியில் ஐசலின் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கச் சொன்னாள். மிரண்டுபோன ராய், பழத்தில் ஏதாவது தப்பா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மல்லிகா அந்த வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால், "எருமைய தண்ணிக்கு ஓட்டிட்டுக் கெளம்பியாச்சா?" என்பாள். திட்டிக்கொண்டே புளியோதரையும் கட்டிக்கொண்டு அவளும் வருவாள்.

அந்த நாட்களில் பந்தயம் என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. ஒரு பிளம்பர், ஒரு பள்ளி வாத்தியார், ஒரு பல் டாக்டர், இரண்டு தமிழர்கள். தண்ணீரில் ஆரஞ்சு மிதவைகள். கரையோரம் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். குமரேசன் ஓடும் சுற்றில் அவன் வண்டியைப் பிடிப்பது நான். கொடி இறங்கியதும் விட்டால், வண்டி பீய்ச்சும் தண்ணீர் தொடையில் அறையும். சாயங்காலம் வரை தொடை சிவந்திருக்கும். எண்ணெய்ப் புகை தலைமுடியில் ஏறி, திங்கட்கிழமை ஆபீஸ் வரை கூடவே வரும். இப்போதும் எங்காவது பழைய ஸ்கூட்டர் புகையை முகர்ந்தால் எனக்குக் கடல்தான் ஞாபகம் வருகிறது.

சொல்லாத பேர்

ஒலிபெருக்கியில், "குமா... ரேஸ்... ஸன்! ஃப்ரம் இன்டியா!" என்று கத்துவார்கள். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏதாவது ஆபீஸில் போய், கணவர் பெயர் என்ன என்று கேட்டால், கே, யூ, எம் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்தால் முழங்கையால் இடிப்பாள். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதக் கடைக்காரரிடம் நான்தான் சொல்ல வேண்டும். கோவிலில் எல்லோரும் முருகன் பாட்டுப் பாடும்போது, அந்தப் பெயர் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். சாமிக்கும் அதே கதிதான்.

என் வீட்டில் நிலைமை வேறு. "ரவி, குப்பைய கொண்டுபோய்க் கொட்டு" என்பாள் என் மனைவி. அதனால் மல்லிகாவைச் சீண்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"ஏம்மா, வீடு தீப்பிடிச்சா அவன எப்படிக் கூப்பிடுவ?"

"ஏனுங்க-ன்னுதான்."

"இந்த ஊர்ல ஏனுங்கன்னா எவன் திரும்புவான்?"

"அவரு திரும்புவாருங்கண்ணா. அவர வேற யாரு அப்படிக் கூப்புடறா?"



வட்டம்

அந்தக் காலத்து வண்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில், ஓட்டுபவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். எங்கள் பழைய வண்டியில் அது இல்லை. ஆள் விழுந்தால், கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள, இன்ஜின் மெதுவாக ஓடியபடியே வண்டி வட்டம் போடும். போட்டுக்கொண்டே விழுந்தவனிடம் திரும்பி வரும். துரத்திப் போகாதே, காத்திரு, அது உன்னைத் தேடி வரும் என்றுதான் ராய் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதல் தடவை அது என்னைத் தேடி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு பொருள், ஆளே இல்லாமல், தலையை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து வருகிறது. நல்லதுக்குத்தான் வருகிறது என்று தெரிந்தும் பின்னால் நகர்ந்தேன்.

ஆனால் குமரேசன் அதில் கை வைத்திருந்தான். மிதவைகளைச் சுற்றித் திரும்பும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று, ஆக்ஸிலரேட்டரை விட்டபின் இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தான். அதனால் வட்டம் பெரிதாகிவிட்டது. பெரிய வட்டத்தைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டு போகும். வண்டி சுற்றுகிற இடத்தில் ஆள் இருக்க மாட்டான்.

அந்தக் காலை

சீசனின் முதல் பந்தயம். சீக்கிரமே போய்விட்டோம். தண்ணீரைப் பார்த்ததும் குமரேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மே மாதத் தண்ணீர் பச்சை ஐஸ் மாதிரி இருக்கும். ரப்பர் உடையைப் போட்டுக்கொள்ளடா என்றேன்.

"ஒரே ஒரு ரவுண்டுடா. போட்டுக் கழட்டறதுக்குள்ள வந்தர்றேன்."

பனியனுக்கு மேல் மிதவை ஜாக்கெட்டை மட்டும் மாட்டிக்கொண்டான். மல்லிகாவைப் பார்த்துத் தலையசைத்தான். போய்விட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து பனி வந்தது. யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி வந்தது. முதலில் எதிர்க்கரை இல்லாமல் போனது. பிறகு மிதவைகள். இன்ஜின் சத்தம் மட்டும் உள்ளே எங்கேயோ வீறிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது இறங்கி, புடுபுடுவென்று முணுமுணுக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் அந்த வண்டி தனியாக வந்து எங்களுக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போனது.

நான் என் வண்டியைக் கிளப்ப ஓடினேன். ராய் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ஒருத்தரும் இன்ஜினைத் தொடக்கூடாது என்றார். உள்ளே போனால் கண் தெரியாது, அவன் தலைமேலேயே ஏற்றிவிடுவோம்; அதோடு அவன் கூப்பிட்டால் கேட்காது. அவர் சொன்னது சரி. மீட்புப் படகுக்குப் போன் பண்ண ஒருவர் ஓடினார். இந்தப் பனியில் படகும் தடவிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஆக, நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். நின்று கேட்பது.

பக்கத்தில் இருப்பவனிடம்கூடக் கத்திப் பேசியே பழகிய கூட்டம் அது. அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கி வாயை மூடிக்கொண்டு நின்றோம். உள்ளே புடுபுடு சத்தம் வலது பக்கம் நெருங்கி வரும், இடது பக்கமாகத் தேய்ந்து போகும். நடுநடுவே, "குமார்!" என்று சேர்ந்து கத்துவோம். பனி அந்தச் சத்தத்தை வேறு பக்கமிருந்து எங்களுக்கே திருப்பி அனுப்பும். எங்கள் குரலையே நாங்கள் அவன் குரல் என்று நினைத்து ஏமாந்தோம். மறுமுறை வண்டி வந்தபோது நிழலாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் சத்தம் மட்டும் வந்தது. வட்டம் எங்களை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிரில் மனுஷன் ரொம்ப நேரம் தாங்க மாட்டான். சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு வண்டி இருமியது. பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு முறை திக்கி, அடங்கிவிட்டது. அவ்வளவு நேரம் அந்தச் சத்தத்தைச் சபித்துக்கொண்டிருந்த நான், அது மறுபடி வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மல்லிகா அதுவரை எங்களோடு சேர்ந்து கத்தவில்லை. இப்போது சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தாள்.

"ஏனுங்க!"

அலறவில்லை. சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல், கொஞ்சம் உரக்க. "ஏனுங்க!" மறுபடி மறுபடி. நாங்கள் கத்துவதை நிறுத்திவிட்டோம்.

நேரம் போனது. பிறகு, யாரும் பார்த்துக்கொண்டிராத இடது பக்கத்தில், சளக், சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ தண்ணீரில் நடந்து வருகிற சத்தம்.

விரிகுடாவின் நடுவிலிருந்து குமரேசன் நடந்து வந்தான். இடுப்பளவு தண்ணீர், நீலம் பாய்ந்த உதடு, எங்களைப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிற கண். எங்கள் பிளம்பர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மல்லிகா அவன் கையைப் பிடித்தபோது அவன் அவளைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

கிணற்று நீச்சல்

இப்போது சிரிக்க வேண்டிய விஷயம். அந்த விரிகுடா ஆழமே இல்லாதது. பெரும்பாலான இடங்களில் காலை ஊன்றி நிற்கலாம். குமரேசனுக்கும் அது தெரியும்.

ஆனால் அவன் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில். நான் மெரினா பக்கத்து நீச்சல் குளத்தில், ஆழமில்லாத பக்கமாக இறங்கிக் கற்றவன். பயம் வந்தால் என் கால் முதலில் தரையைத்தான் தேடும். கிணற்றில் ஏது தரை? குதித்தால் நீந்த வேண்டும், நீந்தி மோட்டார் பைப்பையோ கல்படியையோ பிடிக்க வேண்டும். பயந்த நேரத்தில் உடம்பு சின்ன வயசில் கற்றதற்குத்தான் திரும்புகிறது. நின்றால் பிழைக்கிற தண்ணீரில், வண்டிச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு, அதோடு சேர்ந்து அவனும் வட்டம் போட்டிருக்கிறான்.

டிரெய்லரை இழுத்து வந்த வேனுக்குள் ஹீட்டரைப் போட்டு, கம்பளி சுற்றி உட்கார வைத்தோம். "நின்னுருக்கலாம்லடா, முண்டம்!" என்றேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"தரைன்னு ஒண்ணு இருக்கும்னே தோணலடா," என்றான்.

மல்லிகா காபி வாங்கப் போயிருந்தாள். அவன் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வண்டி நின்னுபோச்சு. கை வரல. அப்பத்தான் அவ என் பேரச் சொல்லிக் கூப்புட்டா."

"யாரு?"

"மல்லிகாதான். காதுக்குப் பக்கத்துல. குமரேசன்-னு முழுப் பேரு. ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ பாதில தொண்ட அடச்சுருச்சு. குமரே-ன்னு நின்னு, அப்பறம் சன்-னு வந்துச்சு." அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. "எங்கூர்ல பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புடுவாளாடா? எப்பக் கூப்புடுவா? நான் செத்துட்டேன்னு நெனச்சேன். சரி, முடிஞ்சுதுன்னு நீச்சல விட்டுட்டேன். காலு கீழ போச்சு. பாத்தா மண்ணு."

"டேய், அவ பேரச் சொல்லல. ஏனுங்க-ன்னுதான் கூப்பிட்டா. நாங்க அத்தன பேரும் கேட்டோம்."

அவன் என்னையே பார்த்தான். "ஏனுங்க-ன்னு எனக்கு ஒண்ணுமே கேக்கலியே," என்றான்.

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டதோ எங்கள் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. பிற்பாடு மல்லிகாவிடம் சுற்றி வளைத்து, பதற்றத்தில் பேரைச் சொல்லிவிட்டாயா என்று விசாரித்தேன். "ஐயோ, இல்லீங்கண்ணா! நானெதுக்கு அதச் சொல்றேன்?" என்று பதறினாள். அதிகக் குளிரில் மூளை அப்படியெல்லாம் விளையாடும் என்றார் ராய். பல் டாக்டரும் டாக்டர்தானே, நான் ஒத்துக்கொண்டேன்.

"அவகிட்ட சொல்லிராத. பயந்துக்குவா," என்றான் குமரேசன். நான் சொல்லவில்லை.

அப்புறம்

அவன் ஓட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி தண்ணீரில் நின்றான். ஆனால் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காலால் தரையைத் தட்டிப் பார்ப்பான்.

சில வருஷங்களில் சோபாக்கள் வந்து கடலை நிரப்பின. வாத்தியார் ஃப்ளோரிடா போனார். பிளம்பருக்கு முதுகு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குழந்தைகளை டான்ஸ் கிளாஸுக்கு ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தோம். எருமை ராயின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டது.

புது நூற்றாண்டு பிறந்த பிறகு வந்த ஒரு குளிர்காலத்தில், ஆபீஸ் பார்க்கிங்கில் காரைப் பூட்டிவிட்டுத் திரும்பிய குமரேசன் அப்படியே சரிந்தான். மாரடைப்பு. எத்தனையோ வாய்ப்பு கிடைத்தும் தண்ணீர் எடுத்துக்கொள்ளாதவனை, காய்ந்த சிமெண்டுத் தரை எடுத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கோபப்பட்டது கிடையாது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இறுதிச் சடங்குக் கூடத்தில் கனத்த கம்பளம் விரித்திருந்தார்கள். நடந்தால் சத்தம் வராது. பேசினாலும் பாதிதான் கேட்கும். வெளியே பனி பெய்து ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவனுக்கு கோட்டும் டையும் போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். பெட்டியின் கால் பக்க மூடி சாத்தியிருந்தது. தலைப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. நானும் ராயும் சுவரோரம் நின்றோம்.

மல்லிகா அழாமல் உட்கார்ந்திருந்தாள். நேரமாகிவிட்டது என்று ஆட்கள் வந்ததும் எழுந்தாள். குனிந்து, அவன் காதருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"குமரேசன்," என்றாள்.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"குமரே..."

அங்கே தொண்டை அடைத்தது. மூச்சு வாங்கி, மீதியைச் சொன்னாள்.

"...சன்."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. முழங்கால் தண்ணீரில் நிற்கிற மாதிரியே இருந்தது. என் கண் தானாகப் பெட்டியின் கால் பக்கம் போயிற்று. அவன் காலை ஊன்றிவிடுவான் என்று, அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் வந்து தலைப் பக்க மூடியையும் சாத்தினார்கள்.

வெளியே காருக்குப் போகும்போது மல்லிகா என் பக்கத்தில் வந்தாள். செருப்புக்குள் பனி ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"உசுரோட இருக்கறப்ப ஒரு தடவகூட அவரப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்கண்ணா. ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம். இனி கூப்பிட்டு என்னத்துக்கு? அவருக்கு எங்க கேக்கப் போவுது."

அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் அங்கேதான் மீறினேன்.

"கேட்டுச்சும்மா," என்றேன். "அன்னிக்கே கேட்டுச்சு. அதக் கேட்டுத்தான் அவன் நடந்து வந்தான்."